தூங்கினவ தப்பிச்சவ

கல்யாணம் ஆகும் முன்பே அண்ணி ஆகிவிட்டவள் அவள்.

கூடப் படிக்கும் சிட்டுவின் அண்ணனுக்கு அவளைப் பேசி முடித்த அன்று, சிட்டு மாடிப்படி ஏறும்போதே, "அண்ணீ... பசிக்குது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவிக்கொண்டு வந்தாள். வாடகைக்கு எடுத்த அந்த மாடி வீட்டில் கூட இருந்த மற்ற இரண்டு பேரும் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் கீழே குடியிருந்த வீட்டுக்காரர்கூட, "அந்த அண்ணிப் பொண்ணை மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க, தொட்டி வழியுது" என்றார். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்லூரி வருகைப் பதிவேட்டோடு நின்றுபோயிற்று.

அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வெளியில் முறைப்பாள், உள்ளுக்குள் சர்க்கரை கரையும்.

சிட்டுவின் அம்மா போன முறை வந்திருந்தபோது, கிளம்பும் நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ விளையாட்டுப் புள்ளம்மா. நீ கூட இருக்கேங்கிற தைரியத்துலதான் எனக்கு ராத்திரி கண்ணே மூடுது. உன்கிட்டதான் விட்டுட்டுப் போறேன்."

"சரி அத்தை. நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவள். சொல்லும்போது அந்த வார்த்தைகளுக்கு எடையே இல்லை.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் அது. பொழுது சாயும் நேரத்துக்குச் சிட்டுவின் அண்ணன் வேன் எடுத்துக்கொண்டு வந்து, தங்கையையும் அவள் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கொண்டாட்டம் என்று மூன்றாவது ஆளான பட்டாசு, ஒரு மதுப்பாட்டிலை வாங்கி வந்திருந்தாள். வாயைத் திறந்தால் நாலு வீடு திரும்பிப் பார்க்கும், அதனால் அவள் பட்டாசு. நாலாவது ஆள் டாக்டர். படிப்பது தாவரவியல். அவள் கைராசிக்கு இதுவரை வந்த ஒரே நோயாளி ஜன்னலோரத்து மணிபிளான்ட், அதிலும் பாதி மஞ்சள்.

குடிக்கும் நாட்களுக்கு என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நாலு பேரில் ஒருத்தி தொடக் கூடாது. அன்றைக்கு அந்த ஒருத்திதான் காவல். எல்லோருடைய போனையும் வாங்கி, கேஸ்கட் போன பழைய குக்கருக்குள் போட்டு மூடிவிட வேண்டும். ஏனென்றால் ஒருமுறை பட்டாசு, போதையில் துறைத்தலைவருக்கே போன் போட்டு ஒரு சோகப் பாட்டை முழுசாகப் பாடிவிட்டாள். அவரும் பாவம், முழுசாகக் கேட்டார். காவலுக்கு வேறு வேலைகளும் உண்டு. யாரும் தெருவில் இறங்கக் கூடாது, மொட்டை மாடிக்குப் போகக் கூடாது, அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. அழுகிறவளுக்குத் தோள் கொடுக்க வேண்டும், சண்டைக்குப் போகிறவளை இழுத்துப் பிடிக்க வேண்டும். யாராவது படுத்துத் தூங்கிவிட்டால் காவலுக்குக் கொண்டாட்டம். ஒரு தலைவலி குறைந்தது. "தூங்கினவ தப்பிச்சவ" என்பது அந்த வீட்டுப் பழமொழி. தூங்குகிறவள் விழ மாட்டாள், ஓட மாட்டாள், துறைத்தலைவருக்குப் பாட மாட்டாள்.

விழித்திருப்பவர்களைக் காக்கத்தான் அந்தச் சட்டம் முழுக்கவும். தூங்குகிறவளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கு அண்ணிதான் காவல்.

பட்டாசு ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தாள். காலையில் எழுதிய வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேள்வியாகப் படிப்பாள். தப்பாக எழுதியவள் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். சிட்டுவுக்கு முதல் நாளிலிருந்தே ஜலதோஷம், பரீட்சை ஹாலில் எழுதியதைவிடத் தும்மியதுதான் அதிகம். காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போனவளுக்கு, மத்தியானம் வந்ததும் மூக்கு மறுபடி ஒழுகவே, அண்ணியே இன்னொன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். தண்ணீரும் அவளே கொடுத்தாள்.

"அடுத்த கேள்வி!" என்றாள் பட்டாசு.

"விட்டுட்டேன்" என்றாள் சிட்டு.

"குடி."

"அதுக்கு அடுத்தது?" என்றாள் பட்டாசு மறுபடியும்.

"அதையும் விட்டுட்டேன்டி. நான் கேள்வியைப் படிக்கும்போது தும்மல் வந்துச்சு, தும்மி முடிச்சுப் பார்த்தா பக்கம் திரும்பியிருந்துச்சு."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணியும்தான். சிட்டு காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. ஆள் வேறு அத்தனை சிறிசு. பலமாகக் காற்றடித்தால் கொடியில் காயும் துணியோடு சேர்த்து இவளையும் எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று கேலி செய்வார்கள். பட்டாசின் உடம்புக்கும் சிட்டுவின் உடம்புக்கும் ஒரே டம்ளர்தான் அளவு.

கொஞ்ச நேரத்தில் சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அண்ணி பின்னாலேயே போய்த் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் வெளிய வந்துருச்சு. இனிமே பயமே இல்லை. தூங்கினா சரியாயிடும்" என்று வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னாள் டாக்டர்.

இருவருமாகத் தாங்கிப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அண்ணி ஒரு போர்வையைப் போர்த்தி, மின்விசிறியைக் குறைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள். "ஒண்ணு முடிஞ்சுது" என்றாள், கைகளைத் தட்டிக்கொண்டு.

உள்ளேயிருந்து குறட்டை கிளம்பியது. அந்தச் சின்ன உடம்புக்குள் இத்தனை பெரிய சத்தமா என்று பட்டாசு கூடத்தில் உருண்டு சிரித்தாள். "சிட்டு இல்லடி இது, மண்ணு அள்ளுற மெஷின்!"

அண்ணி கூடத்தில் கிடந்த டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவினாள். சிட்டுவின் புத்தகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். சிட்டுவின் அண்ணன் வந்து நிற்கும்போது வீடு வீடாக இருக்க வேண்டும். காலி பாட்டிலை எங்கே ஒளிப்பது என்ற யோசனை வேறு. குறட்டை பின்னணியில் ஓடிக்கொண்டேயிருந்தது, பழைய குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மாதிரி. பழகிவிட்டால் காதில் விழாது.

அது நின்றபோதுதான் விழுந்தது.

"அப்பாடா, மெஷின் ஆஃப்" என்றாள் பட்டாசு, பாயில் படுத்தபடியே.

அண்ணியின் கை பெட்டிக்குள் அப்படியே நின்றது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. குறட்டை நின்றால் நிம்மதிதானே வர வேண்டும்? வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு உள்ளேயிருந்து, தண்ணீர்க் குழாயில் காற்று புகுந்தது போல, ஒரு கொடகொடப்பு. மறுபடி ஒன்றுமில்லை.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

சிட்டு படுக்க வைத்த மாதிரியே மல்லாந்து கிடந்தாள். வாயோரத்திலிருந்து கழுத்து வரை வாந்தி வழிந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. உதடு, நாவல் பழம் தின்ற பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது.

"சிட்டு. ஏய் சிட்டு."

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கையைத் தொட்டாள், சில்லென்று பிசுபிசுத்தது. முழங்கைக்கு மேலே பலமாகக் கிள்ளினாள். சாதாரணமாகச் சுண்டினாலே ஊரைக் கூட்டுகிறவள், புருவத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"பட்டாசு! டாக்டர்! இங்க வாங்கடி!"

இருவரும் தள்ளாடிக்கொண்டு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பட்டாசின் சிரிப்பு பாதி முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தூங்கறா. விடு" என்றாள்.

"தூங்கறவ கிள்ளினா முழிக்கமாட்டாளா?"

"ஓவர் ஆயிருச்சு, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணியை மேல ஊத்துவோம். தூக்கி உட்கார வச்சா தெளிஞ்சிடும்."

"கடுங்காபி" என்றாள் டாக்டர். "சர்க்கரை இல்லாம. நான் போடறேன்." போய்விட்டாள்.

அப்போது சமையலறை மேடையில் குக்கர் அதிர்ந்தது. அலுமினியப் பாத்திரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி ஒரு சின்ன உதறல். அண்ணி எழுந்து போய் மூடியைத் திறந்தாள். மின்னிக்கொண்டிருந்தது அவளுடைய போன். சிட்டுவின் அண்ணன் கூப்பிட்டிருந்தார், கூடவே எழுதியும் இருந்தார்.

"சீக்கிரமே கிளம்பிட்டேன். வழியில ரெண்டு பேருக்கும் சாப்பிட ஏதாவது வாங்கட்டுமா?"

அவர் லிஃப்ட் மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்று, வேலையைப் பற்றிக் கேட்டதற்கு, அவர் இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றித்தான் சொன்னார். "நான் போனதும் முதல்ல மெஷின்கிட்ட போகமாட்டேன். கதவுகிட்ட போய் நின்னு, உள்ள இருக்கறவங்க கூடப் பேசுவேன். இருட்டுல பேச்சுச் சத்தம் நின்னுபோனாதான் பயம் ஏறும்." அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் விழுந்தாள். அதற்குப் பிறகு பெரியவர்கள் பேசியதெல்லாம் சும்மா ஊர் சம்பிரதாயம்.

இப்போது அவருக்கு என்ன பதில் சொல்வது? உங்கள் தங்கையைக் குடிக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன் என்றா? அத்தை அவள் கையைப் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருந்தது. அவர் வந்து சேருவதற்குள் எப்படியும் விழித்துவிடுவாள். முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, ஜலதோஷம் என்று சொல்லிவிடலாம். பொய்கூட இல்லை அது.

போனை மறுபடி குக்கருக்குள் போட்டாள். மூடியை வைத்துத் திருகினாள்.

உள்ளே டாக்டர் காபியோடு வந்திருந்தாள். பட்டாசு சிட்டுவைத் தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டிருக்க, ஒரு கரண்டி காபியை உதட்டுக்குள் சாய்த்தார்கள். அது அப்படியே இந்தப் பக்கம் வழிந்தது. தொண்டை அசையவில்லை. ஒரு துளி உள்ளே போயிருக்க வேண்டும், மார்புக்குள்ளிருந்து ஒரு அடைப்புச் சத்தம் வந்தது. இருமல் வரவில்லை.

"இருமக்கூட மாட்டேங்கிறாளே" என்றாள் பட்டாசு. முதல் தடவையாக அவள் குரல் சின்னதாக இருந்தது.

அண்ணி குனிந்து, காதைச் சிட்டுவின் மூக்கருகே வைத்தாள். ஒரு மூச்சு. பிறகு... பிறகு எதுவுமில்லை. அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தன் நெஞ்சு அடைத்து, கண்ணில் பூச்சி பறந்து, இனி முடியாது என்று அவள் காற்றை இழுத்துக்கொண்டாள். சிட்டு இழுக்கவில்லை. கூடத்துக் கடிகாரம் டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் அந்தக் கொடகொடப்போடு அடுத்த மூச்சு வந்தது.

சமையலறைக்கு ஓடினாள்.

குக்கர் மூடி திறக்கவில்லை. பதற்றத்தில் கோணலாகத் திருகியிருந்தாள். இழுத்தாள், முறுக்கினாள், பிடி கையில் வழுக்கியது. உள்ளே நாலு போன்கள் கிடுகிடுவென்று உருண்டன. "திற... திறடா..." என்று குக்கரைத் திட்டிக்கொண்டே, அதைத் தரையில் ஓங்கி அடித்தாள். இரண்டாம் அடியில் மூடி பறந்தது.

பட்டாசு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "யாருக்குப் போடறே?"

"ஆம்புலன்ஸுக்கு."

"லூசாடி நீ? வீட்டுக்காரர் பார்ப்பார். காலேஜுக்குத் தெரியும். ரிசல்ட்டை நிறுத்திடுவாங்க. போலீஸ்கூட வரலாம். அட, உன் கல்யாணத்தையாவது நினைச்சுப் பாரு. அந்த அம்மா உன்னை வீட்டுக்குள்ள சேர்ப்பாங்களா?"

"அவ இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படிடி போவேன்?"

பட்டாசின் பிடி தளர்ந்தது.

எதிர்முனையில் ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத குரல். முதலில் முகவரியைக் கேட்டது. பிறகு, "மூச்சு இருக்கா?" என்றது.

"விட்டு விட்டு வருது. கூப்பிட்டா முழிக்கலை. கிள்ளினாலும் முழிக்கலை. உதடு நீலமா இருக்கு."

"வண்டி கிளம்பிருச்சு. நான் சொல்றதை இப்ப செய்யுங்க. உட்கார வச்சிருக்கீங்களா? வேண்டாம், படுக்க வைங்க. மல்லாக்க வேண்டாம், ஒருக்களிச்சு. மேல இருக்கிற முழங்காலை மடக்கி முன்னால விடுங்க, அப்பதான் உருளமாட்டாங்க. தலையைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி. வாய்க்கு வெளிய இருக்கறதைத் துடைங்க."

ஒருக்களித்த உடனே சிட்டுவின் வாயிலிருந்து ஒரு கை நிறையக் கொட்டியது. அடுத்த மூச்சு கொடகொடப்பு இல்லாமல் வந்தது. இத்தனை நேரமும் அது அவள் தொண்டைக்குள்தான் நின்றிருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்து, போர்வையும் போர்த்திவிட்டு, கைதட்டிக்கொண்டு போனவள் தான்தான் என்பது அண்ணிக்கு ஞாபகம் வந்தது.

"வாய்க்கு எதுவும் கொடுக்காதீங்க. காபி, தண்ணி, எதுவும். மேல தண்ணி ஊத்தாதீங்க, ஏற்கெனவே உடம்பு குளிர்ந்திருக்கும். போர்த்தி விடுங்க. வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?"

"ஜலதோஷ மாத்திரை. ரெண்டாவதை... நான்தான் கொடுத்தேன்."

"அட்டையை எடுத்து வைங்க. டாக்டர்கிட்ட காட்டணும். போனை வைக்காதீங்க. மூச்சு ஒவ்வொண்ணா வரும்போது என்கிட்ட 'இப்ப'ன்னு சொல்லுங்க."

"இப்ப" என்றாள் அவள். காத்திருந்தாள். "இப்ப." காத்திருந்தாள். அந்த இடைவெளிகளில் அவளுக்கு அத்தை இல்லை, கல்யாணம் இல்லை, காலேஜ் இல்லை. அடுத்த 'இப்ப' மட்டும் வேண்டும். வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவே பயமாக இருந்தது.

டாக்டர் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு, ஆறிப்போன காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பட்டாசு வாசலுக்கு ஓடினாள், வண்டிக்கு வழி காட்ட. திரும்பி வந்தபோது அவளோடு வீட்டுக்காரரும் வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். மூன்று பெண்களும் தலைகுனிந்தார்கள்.

"திட்டறதை நாளைக்கு வச்சுக்கறேன்" என்றார் அவர். "வாசல் கேட்டை மறிச்சு என் வண்டி நிக்குது, ஸ்ட்ரெச்சர் உள்ள வராது. வண்டியை நகர்த்திட்டு வரேன்." செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார்.

ஆம்புலன்ஸில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அண்ணி ஏறினாள். சிட்டுவின் முகத்தில் ஆக்ஸிஜன் மூடி, விரலில் ஒரு கிளிப். கூட வந்த பணியாளர் திரையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசவில்லை. அவர் பேசாததே அவளுக்குக் கிலியாக இருந்தது. போனை எடுத்தாள். விரல் சிட்டுவின் அண்ணன் பெயர் மேல் நின்றது. இந்த ஒரு அழைப்போடு எல்லாம் போய்விடும் என்று தெரிந்தே அழுத்தினாள்.

"என்ன, பதிலையே காணோம்? நானே சாப்பாடு வாங்கிட்டேன்" என்றார் அவர். குரலில் சிரிப்பு இருந்தது.

"சிட்டுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். குடிச்சா. நாங்க எல்லாரும் சேர்ந்துதான்... நான் குடிக்கலை, ஆனா நான்தான் பார்த்துக்கணும். முழிக்கமாட்டேங்கிறா."

எதிர்முனையில் வண்டி ஓரமாக நிற்கும் சத்தம்.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள். "நீங்க... மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்றும் சொன்னாள், அதைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்துக்கொண்டே.

"பேசிக்கிட்டே இரு" என்றார் அவர். "என்கிட்ட இல்லை. அவகிட்ட."

பேசினாள். சிட்டுவின் காதருகே குனிந்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். உன் பெட்டியில் பாதிப் புத்தகம் என்னுடையதுடி திருடி என்றாள். எழுதாமல் விட்ட கேள்விகளுக்கெல்லாம் மறுபரீட்சை எழுதலாம் என்றாள். எனக்கு நாத்தனார் கொடுமை பண்ண ஒருத்தி வேண்டாமா என்றாள். சைரன் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கதவு மூடிக்கொண்டது. மற்ற இருவரும் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்கள். நடைபாதை பெஞ்சில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பட்டாசின் கையில் அந்த வினாத்தாள் இன்னும் சுருட்டியபடி இருந்தது. எதற்கு எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான்தான் குடி குடின்னு சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இனிமே யாரும் என்னை டாக்டர்னு கூப்பிடாதீங்கடி" என்றாள் மற்றவள்.

நிஜமான டாக்டர் வெளியே வந்தார். இளம்பெண், இவர்களைவிட ஐந்தாறு வயதுதான் மூப்பு இருக்கும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுவே தூக்கம் வரவைக்கிற மாத்திரை. வெறும் வயிறு, அது மேல இவ்வளவு வேகமா குடி. வாந்தி எடுத்ததும் எல்லாம் போயிடுச்சுன்னு நினைச்சீங்களா? அதுக்குள்ள ரத்தத்துல கலந்தது கலந்ததுதான். வயித்துல மீதி இருந்தது, அவ தூங்கின பிறகும் ஏறிக்கிட்டேதான் இருந்திருக்கும்."

"பிழைச்சுக்குவாளா?" என்றாள் அண்ணி.

"மூச்சு கொஞ்சம் சீராயிருக்கு. நுரையீரலுக்குள்ள வாந்தி போயிருக்கான்னு பார்க்கணும். இப்பவே எதுவும் சொல்ல முடியாது." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சிட்டுவின் அண்ணன் வந்தபோது அவர் சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். வழியில் எப்போதோ வாங்கியது, கீழே வைக்கத் தோன்றாமல் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் தங்கையைப் பார்த்தார். குழாய்களுக்கு நடுவே அவள் இன்னும் சிறிசாகத் தெரிந்தாள். அவர் முதுகு ஒருமுறை குலுங்கியது.

அண்ணி எழுந்து அவரருகே போனாள். இப்போது சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"நீங்க போன் பண்ணினப்பவே அவ முழிக்காமத்தான் கிடந்தா. நான் உங்க மெசேஜைப் பார்த்தேன். பார்த்துட்டு, போனை உள்ள வச்சு மூடிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா... நம்ம கல்யாணம் நின்னுடுமோன்னு பயம். அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை, ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் நடைபாதையின் கடைசி ஜன்னல் வரை போய், அங்கேயே வெளியே பார்த்தபடி நின்றுவிட்டார். அவருடைய போன் அடித்தது. "ஆமாம்மா... ஆஸ்பத்திரியிலதான்... மூச்சு இருக்கு... நீ அழாதே..." பிறகு சற்று நிறுத்தி, "கூட அவதான் இருக்கா" என்றார். அந்த 'அவ' எந்தத் தொனியில் வந்தது என்று இத்தனை தூரத்திலிருந்து அவளால் பிரித்தறிய முடியவில்லை.

வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரத்தில் நர்ஸ் வந்தார். "கூப்பிட்டா கண்ணைத் திறக்கறாங்க. தூங்கட்டும். ஆனா பக்கத்துல ஒருத்தர் இருந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். நாங்களும் வந்து வந்து பார்ப்போம். மார்பு ஏறி இறங்கறதுல ஏதாவது மாறுதல் தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க. ஒருத்தர்தான். யார் வரீங்க?"

அண்ணி ஒதுங்கி அவருக்கு வழி விட்டாள். கூடப் பிறந்தவர் அவர்தானே.

அவர் நகரவில்லை. "நீ போ" என்றார்.

"நீங்க...?"

"எனக்கு உன்மேல கோபம் இருக்கு. எப்ப தீரும்னு எனக்கே தெரியலை. அதைப் பத்தி அப்புறம் பேசுவோம்." பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா இன்னைக்கு அவமேல இருந்து கண்ணை எடுக்காம உட்காரப் போறவ நீதான். நான் உட்கார்ந்தா அழுதுடுவேன். போ."

உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்டுவை ஒருக்களித்துத்தான் படுக்க வைத்திருந்தார்கள், முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுத்து. உதட்டில் நீலம் போய், வெளிறிய ஒரு சிவப்பு. இமை அசைந்து, பாதி திறந்தது.

"அண்ணீ..." தொண்டை காய்ந்து கிழிந்த குரல். "அண்ணாகிட்ட சொல்லிடாதே."

கண்ணாடிக்கு வெளியே அவர் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வர, அண்ணி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிட்டுவின் இமைகள் மறுபடி மூடிக்கொண்டன. தூங்கிவிட்டாள்.

அந்தத் தூக்கத்தைப் பார்த்ததும் அண்ணி முக்காலியை இன்னும் அருகே நகர்த்திக்கொண்டு, குனிந்து, போர்வையை அவள் கழுத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்கினாள், மார்பு தெரியும்படி.

ஏறியது. இறங்கியது.

"இப்ப" என்றாள், யாருக்கும் கேட்காமல். அடுத்ததற்குக் காத்திருந்தாள்.